ஒன்றையும் ஞாபகம் வைக்காத பிரவுசர்

"இனிமே இந்த வீட்டுல நம்மளை ஒருத்தனும் வேவு பாக்கக் கூடாது!"

லிப்ட்காரர் இப்படி ஒரு சபதம் போட்டார். போட்ட இடம், கம்ப்யூட்டர் மேஜைக்கும் துணி காயப்போடும் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கு. கையை ஓங்கிச் சொன்னதில் ஈரத் துண்டு ஒன்று தலையில் வந்து விழுந்தது. ஒரு மனுஷன் ஆவேசமாகக் கையைத் தூக்கக்கூட இடமில்லாத வீடு, என்னத்தைச் சொல்ல!

மனைவி துண்டை எடுத்து மறுபடியும் ஸ்டாண்டில் போட்டாள்.

"யாருங்க நம்மளை வேவு பாக்கறது?"

"கம்பெனிக்காரங்க."

"எந்தக் கம்பெனி?"

"எல்லாக் கம்பெனியும்தான். நாம எதைத் தேடறோம், எதைப் பாக்கறோம்னு பிரவுசர் வழியா மோப்பம் பிடிச்சுட்டே இருக்காங்க."

"மோப்பம் பிடிக்கற அளவுக்கு நாம என்னத்தைத் தேடினோம்? நான் ஜன்னலுக்குத் திரைத்துணி தேடினேன். ஓரத்துல 'ஏரிக்கரையில் தனியறை, ஒருவர் மட்டும், தொல்லை கிடையாது'ன்னு விளம்பரம் வருது. இதைத் தேடினது யாரு?"

"அது... பொதுவா எல்லாருக்கும் வர்றதுதான்."

"ஓஹோ," என்றாள்.

அந்த 'ஓஹோ'வைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அவள் வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் கம்பெனியில். விபத்து நடந்தது, வீடு எரிந்தது, நகை தொலைந்தது என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா, புளுகா என்று கண்டுபிடிக்கிற பிரிவு. எத்தனையோ தேர்ந்த பொய்யர்கள் அந்த 'ஓஹோ'வின் முன்னால் வியர்த்து விறுவிறுத்து, தாங்களாகவே உண்மையைக் கக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். லிப்ட்காரர் அவசரமாகத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

தேடினது அவர்தான். வேறு யார்?

அவர் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள். லிப்ட் கம்பெனியில் பழுது பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வை. ஊரில் எந்த லிப்ட் பாதியில் நின்றாலும் உள்ளே மாட்டிக்கொண்டவர் முதலில் திட்டுவது இவரைத்தான். காலையிலிருந்து சாயங்காலம்வரை காதில் அலறல். வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் போதும் என்று வருவார். இந்த லட்சணத்தில் அடுத்த வாரம் மச்சான் சம்சாரத்தோடு வருகிறார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தங்கமான மனிதர். ஆனால் பேசுவார். சாப்பிடும்போது பேசுவார், சாப்பிட்டதைப் பற்றிப் பேசுவார். இவர் குளியலறைக்குள் போனால் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடருவார். போன தடவை வந்தபோது லிப்ட்காரர் வேண்டுமென்றே ஒரு லிப்டுக்குள் போய், அதை நடுவில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அவர் வாழ்க்கையிலேயே நிம்மதியாக இருந்த நேரம் அதுதான்.

அதனால்தான் இந்தத் திட்டம். மச்சான் வருகிற அன்றைக்கே, "வெளியூர்ல புதுக் கட்டடம், லிப்ட் மாட்டணும்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது. ஏரிக்கரையில் தனியறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், பேசாத தண்ணீர். அவ்வளவுதான் கேட்டார் பாவி மனுஷன். அதற்குள் அந்தப் பாழாய்ப்போன பிரவுசர், தேடினதை எல்லாம் மனைவியின் திரைத்துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டிவிட்டது!

நேரே மாடிக்கு ஓடினார். மாடியில் குடியிருந்தவரை எல்லோரும் 'பெங்குயின்' என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரை ஓட்டுகிற இலவச மென்பொருளான லினக்ஸ் என்றால் அவருக்கு உயிர். லினக்ஸின் சின்னம் பெங்குயின் என்பதால் சட்டையில் பெங்குயின், டீக் கோப்பையில் பெங்குயின், கால் துடைக்கிற மிதியடியில்கூட பெங்குயின். லிப்ட்காரர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் மூச்சுத் திணறிக் கிடந்தபோது அதில் லினக்ஸைப் போட்டு எழுப்பி உட்கார வைத்தவர் அவர்தான்.

விஷயத்தைக் கேட்டதும் பெங்குயினுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்படிக் கேட்டு ஒருவர் வரமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்த மனிதர்.

"சார், இப்ப நீங்க வச்சிருக்கறது பிரவுசரே இல்ல, யானை. உங்க கம்ப்யூட்டர் ஒரு முக்காலி. முக்காலி மேல யானை உக்காந்தா என்ன ஆகும்?"

"அதான் உள்ள இருக்கற ஃபேன் அந்தக் கத்து கத்துதா?"

"கத்தாம? மெமரி முழுக்கத் தின்னுடுது. தின்னதும் இல்லாம, உங்க வீட்டு விஷயத்தை ஊர் பூரா சொல்லிட்டு வருது. வாங்க, நான் போட்டுத் தர்றேன் ஒண்ணு. இறகு மாதிரி இருக்கும்."

இறகு மாதிரிதான் இருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வேறொன்றும் இல்லை. தட்டின மாத்திரத்தில் ஏரிக்கரை விடுதியின் இணையப் பக்கம் வந்து நின்றது. லிப்ட்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார்.

"ஏரி எங்கப்பா?"

"அதோ, 'படம்'னு எழுதியிருக்குல்ல, அதான் சார் ஏரி."

"அதுக்குக் கீழே இன்னொரு 'படம்' இருக்கே?"

"அது ரூமா இருக்கும். இல்லேன்னா கழிவறை."

"எது ஏரி, எது கழிவறைன்னு தெரியாம எப்படிப்பா பணம் கட்டறது?"

"அங்கதான் சார் பாதுகாப்பே! நமக்கே தெரியலன்னா, வேவு பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

லிப்ட்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பெங்குயின் அசரவில்லை. மறுநாள் சாயங்காலம் இன்னொன்று வந்தது. இதில் படம் தெரிந்தது. ஆனால் யார் என்ன என்று வெளியே யாருக்கும் தெரியாதபடி அது இவருக்கு முக்காடு போட்டுக் கூட்டிக்கொண்டு போயிற்று. முக்காடு போட்டு வந்தவனை எந்த விடுதி சும்மா விடும்? 'நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்யவும்' என்று வாசலிலேயே நிறுத்திவிட்டது. சைக்கிள் இருக்கிற கட்டங்களை எல்லாம் தொட வேண்டுமாம். தொட்டார். படிக்கட்டு இருக்கிற கட்டங்களைத் தொட வேண்டுமாம். தொட்டார். மறுபடியும் சைக்கிள். இவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனைவி அந்தப் பக்கமாக வந்தவள் எட்டிப் பார்த்தாள். சட்டென்று உடம்பால் பாதித் திரையை மறைத்துக்கொண்டார்.

"என்னங்க, சைக்கிள் வாங்கப் போறோமா?"

"இல்லம்மா. நான் மனுஷன்தான்னு நிரூபிச்சுக்கிட்டிருக்கேன்."

"நம்பறாங்களா?"

"இல்ல."

"பாவம், அவங்களைச் சொல்லி என்ன. நானும் கல்யாணமானதிலேர்ந்து பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்தது ஒன்று வந்தது. விளம்பரம் என்று எதைப் பார்த்தாலும் தூக்கி எறிந்துவிடுமாம். எறிந்தது. அதே வேகத்தில் 'பணம் கட்டு' என்கிற பட்டனையும் எறிந்துவிட்டது. லிப்ட்காரர் மேலும் கீழுமாக உருட்டி உருட்டித் தேடினார். அறை இருக்கிறது, ஏரி இருக்கிறது, உள்ளே போக வழியில்லை. தினமும் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிற மனிதர், வெளியே மாட்டிக்கொண்டு நிற்கிறார்! மச்சான் வருகிற நாள் வேறு நெருங்கிக்கொண்டே இருந்தது. "நமக்கு விதிச்சது இவ்வளவுதான்யா" என்று பெங்குயினிடம் குரல் உடைந்து சொன்னார். ஒரு பிரவுசருக்காகக் கண் கலங்கின முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

பெங்குயின் உருகிப்போனார். தனக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அடடா! சின்னது. லேசானது. திறந்தால் ஃபேன் முனகக்கூட இல்லை. ஏரி ஏரியாகத் தெரிந்தது, பட்டன் பட்டனாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூடின உடனே பார்த்தது, தேடினது, நுழைந்தது ஒன்றுவிடாமல் மறந்துவிடும்.

"ஒரே ஒரு சங்கடம்தான் சார். உங்களையும் சேத்து மறந்துடும். ஒவ்வொரு தடவையும் புது ஆள் மாதிரி பாஸ்வேர்ட் போட்டு உள்ள போகணும்."

"போய்ட்டுப் போறேன்யா! இந்த வீட்டுல ஞாபகசக்தி இல்லாத ஜீவன் ஒண்ணாவது இருக்கட்டும்."

அறை பதிவாயிற்று. அதன் பிறகு அவர் இருந்த இருப்பே தனி. ஆபீசிலிருந்து வந்ததும் பிரவுசரைத் திறப்பார், பாஸ்வேர்ட் போடுவார், தன் அறையின் ஜன்னலைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், மூடிவிடுவார். சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு தரம் பார்ப்பார்.

"வெளியூர் வேலை வந்திருக்கு. பெரிய கட்டடம். மச்சான் வர்ற நேரம் பாத்து இப்படி ஆயிடுச்சே," என்று மனைவியிடம் சொன்னபோது குரலில் நல்ல துக்கம் இருந்தது.

"அடப்பாவமே! அண்ணன் உங்களைப் பாக்கணும்னுதானே வர்றாரு." அவள் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "சரி, அது இருக்கட்டும். புதுசா ஏதோ பிரவுசர் போட்டிருக்கீங்களாமே, எனக்கும் காட்டுங்களேன்."

லிப்ட்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாடம் நடத்தினார்.

"மூடினதும் எல்லாம் போயிடுமா?"

"சுத்தமா!"

"நான் எதைப் பாத்தேன்னு உங்களுக்குக்கூடத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அதானே இதோட மகிமை."

"நல்ல பிரவுசர்ங்க," என்றாள். இத்தனை வருஷத்தில் இவர் வாங்கி வந்த ஒரு பொருளை அவள் நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதாவது இந்த மனிதருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. பூரித்துப்போய்த் தூங்கப் போனார்.

அந்த நாளும் வந்தது. காலையில் லிப்ட்காரர் பெட்டியோடு கூடத்துக்கு வந்தார். பார்ப்பவர் நம்பட்டும் என்று மேலே ஒரு ஸ்பேனரைக்கூடச் செருகி வைத்திருந்தார். கூடத்தில் அவளும் பெட்டியோடு நின்றாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே? மச்சான் வர்ற நேரத்துல?"

"உங்ககூடத்தாங்க."

"நான் லிப்ட் மாட்டப் போறேன்! அங்க ஒரே சிமெண்ட்டும் தூசியுமா இருக்கும்!"

"படத்துல பாத்தேனே. ஓடு போட்ட தரைவீடு. அதுக்கு எதுக்குங்க லிப்ட்? கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகவா?"

லிப்ட்காரருக்குக் காலடியில் தரை கீழே இறங்குகிற மாதிரி இருந்தது. தொழில் முறையில் அவருக்கு அந்த உணர்ச்சி பழக்கம்தான், ஆனாலும் இது நிற்காமல் இறங்கிக்கொண்டே போயிற்று.

"உனக்கு... எப்படி..."

அவள் போனை எடுத்து நீட்டினாள். 'உங்கள் விடுதிக் கணக்கில் புதிய கம்ப்யூட்டரிலிருந்து ஒருவர் நுழைந்திருக்கிறார். அது நீங்கள்தானா?' அதற்குக் கீழே அதே செய்தி. அதற்குக் கீழேயும் அதே. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"ஆபீசிலேர்ந்து வந்ததும் ஒண்ணு, சாப்பிட்டு முடிச்சதும் ஒண்ணு. கரெக்டா வந்துச்சுங்க. முதல்ல யாரோ திருடன்னு பயந்துட்டேன். அப்புறம்தான் பாத்தேன், நீங்க கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தாதான் எனக்கு வருது."

"உன் போனுக்கு ஏன் வருது?"

"என் நம்பரைத்தானே குடுத்து வச்சிருக்கீங்க?"

ஆமாம். லிப்டில் மாட்டினவர்கள் ஓயாமல் கூப்பிடுவதால், எங்கே நம்பர் கேட்டாலும் மனைவியின் நம்பரைத் தட்டுவது அவருக்குக் கைப்பழக்கம். பழைய யானை பிரவுசராக இருந்தால், 'இவர் நம்ம ஆள்தான்' என்று விடுதி பேசாமல் உள்ளே விட்டிருக்கும். இந்த உத்தமப் பிரவுசர் அவரை மறந்து மறந்து, போகிற ஒவ்வொரு தடவையும் அந்நியனாக்கி, அந்த விடுதியை மனைவியிடம் ஓடிப்போய்க் கோள் சொல்ல வைத்திருக்கிறது. இதற்காகவா மனுஷன் சைக்கிளையும் படிக்கட்டையும் தொட்டுத் தொட்டு அழுதார்!

"பாஸ்வேர்டுக்குப் பதிலா அதே நம்பரைப் போட்டேன், போனுக்கு ஒரு கோட் வந்துச்சு, உள்ள விட்டுடுச்சு. நேத்துதான் எல்லாம் மாத்தினேன். உங்க புது பிரவுசர்லதான்," என்றாள் அவள். "சும்மா சொல்லக் கூடாதுங்க. உங்களுக்கு ஒரு துளி தெரியவிடலையே!"

"என்னத்தை மாத்தினே?" என்று கேட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. கதவு திறப்பதற்கு முன்னாலேயே உள்ளே யாரோ ஏதோ பேச்சை ஆரம்பித்திருந்தார்.

"எனக்கும் அண்ணிக்கும் பக்கத்து ரூம். உங்க ரூம்ல இன்னொரு கட்டில் போடச் சொல்லியிருக்கேன்," என்றபடி அவள் பெட்டியைத் தூக்கினாள். "பேச்சுத்துணைக்கு ஆள் இல்லேன்னா அண்ணனுக்குத் தூக்கம் வராதுங்க."