தோட்டா எங்கம்மா வைப்பீங்க?

கனடாவில், மொன்றியலை ஒட்டிய லவால் நகரில் சொந்த வீடும், வீட்டுக்குப் பின்னால் வளவும், வளவில் மூன்று வரிசைக் கத்தரிக்கன்றுகளும் உடையவரான திருவாளர் கிருபானந்தன், நாட்டின் சட்டதிட்டங்களுக்கு அமைய, சுடுகிற துவக்கு ஒன்று வாங்குவதென்று, ஆனி மாதத்து நல்ல நாள் ஒன்றில் பல் விளக்கிக்கொண்டே முடிவு செய்தார்.

காரணம், மர்மோத் என்று இந்த ஊரார் சொல்லும், வளை தோண்டும் கொறிபிராணி. பூனையைவிடப் பெரிய உடம்பு, கொட்டிலுக்கு அடியில் குடியிருப்பு, வாடகை கிடையாது. மனைவி குணேஸ்வரி அதை அகிழான் என்றுதான் சொல்வார். ஒரு கன்றை முழுதாகத் தின்று தொலைத்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். இதுவோ நுனியைக் கடித்து, பிடிக்காத மாதிரித் துப்பிவிட்டு அடுத்த கன்றுக்குப் போகும். தன் தோட்டத்தை ஒரு மர்மோத் ருசி பார்த்துக் கழிப்பதைக் கிருபானந்தனால் தாங்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. ஊர்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து, "இந்த முறை ஆவணி ஒன்றுகூடலுக்குக் கத்தரிக்காய் முழுக்க என்ர வளவிலை இருந்துதான்" என்று அறிவித்திருந்தார். கைதட்டல் கொஞ்சம் பலமாகவே விழுந்தது. மைக்கில் சொன்னதைத் திரும்பப் பெற்ற தமிழர் எவரும் மொன்றியலில் இதுவரை பதிவாகவில்லை.

கிருபானந்தனின் ஒன்றுவிட்ட தம்பி கீர்த்திகன் ஏற்கெனவே துவக்கு வைத்திருப்பவர். ஆகவே நிபுணர்.

"இருபத்திரண்டுதான் அண்ணை. வேறை யோசிக்காதேங்கோ."

"அதென்ன இருபத்திரண்டு?"

"குழலின்ர அளவு. உள்ளுக்குப் போடுறது சின்ன ரவை, அதின்ர அடி விளிம்பிலை தட்டினால் வெடிக்கும். சத்தமும் குறைவு, செலவும் குறைவு. அணில், மர்மோத் எல்லாத்துக்கும் காணும். கடதாசியிலை வட்டம் கீறிச் சுட்டுப் பழகிறதுக்கும் அதுதான்."

பக்கத்தில் இருந்த சங்கத் தலைவர் குறுக்கிட்டு, பதினேழுதான் வேகம், நேர்கோட்டில் போகும் என்றார். அவரிடமும் துவக்கு இருந்தது. இதற்குப் பிறகு கிருபானந்தன் ஆராய்ச்சி மாணவரானார். வேலைக்குப் போகும் மெத்ரோவிலும் காதில் துவக்கு வீடியோதான். ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துச் சுடுவதா, தானாக ஏறுவதா? தொலைநோக்கி நாலு மடங்கா, ஒன்பது மடங்கா?

"மரப்பிடி எடுங்கோ அண்ணை, வடிவு" என்றார் கீர்த்திகன்.

"மர்மோத்துக்கு வடிவு விளங்குமே?"

"வீட்டுக்கு வாற சனத்துக்கு விளங்குமெல்லே."

இந்த ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே முதல் வரிசை போய்விட்டது.

அனுமதிப்பத்திரத்துக்கு முன் பாதுகாப்பு வகுப்பு. ஆசிரியர் ஒரு வெற்றுத் துவக்கைக் கையில் கொடுத்து, இதற்கு முன் பிடித்ததுண்டா என்று சும்மா கேட்டார். "இல்லை! சத்தியமாய் இல்லை! ஒருநாளும் இல்லை!" என்று கிருபானந்தன் அலறினார். அகதி விசாரணையில் சொல்லிச் சொல்லி மனப்பாடமான பதில், ஆளைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது. அவருக்கே வெட்கமாகப் போயிற்று. துவக்குக்குப் பயந்து இந்த நாட்டுக்கு ஓடிவந்தவர், இப்போது துவக்குக்காக மேசை முன் வரிசையில் நிற்கிறார்.

அடுத்து, மனைவியின் கருத்து. வீட்டுக்காரியைக் கேட்காமல் துவக்கு கொடுப்பதில்லையாம். இந்த நாட்டுச் சட்டங்களில் கிருபானந்தன் மனதார ஆதரிக்காத சட்டம் இது ஒன்றுதான். குணேஸ்வரியின் பிரெஞ்சு 'பொன்ஜூர்' தொடங்கி 'மெர்சி'யில் முடிந்துவிடும் என்பதால், தொலைபேசியில் அபினவ் என்ற சென்னைத் தம்பியை அலுவலகம் மொழிபெயர்ப்பாளராகப் போட்டது. கணவர் இடையில் வாய் திறந்தால் விண்ணப்பம் ரத்து. கிருபானந்தன் வளவில் இறங்கி, குசினி யன்னலோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். குணேஸ்வரி சமைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் கதைத்தார்.

"வணக்கம்மா. உங்க கணவர் துப்பாக்கி வாங்குறதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

"வாங்கட்டும் தம்பி. நான் சொல்லிக் கேக்கிற ஆளே?"

"சரிம்மா. தோட்டா எங்கம்மா வைப்பீங்க?"

தாச்சியில் வெங்காயம் சீறியது. "தோட்டமோ? பின்வளவிலை."

"வெளியிலயா? பூட்டி வைக்க மாட்டீங்களா?"

"அதை எப்பிடித் தம்பி பூட்டுறது? வெயில் படவேணுமெல்லே."

"எவ்ளோம்மா இருக்கும்?"

"வளவு முழுக்க. எங்களுக்கு மட்டுமில்லை, சொந்தக்காரருக்கும் குடுக்கிறனாங்கள். இந்த முறை சங்கத்தின்ர ஒன்றுகூடலுக்கும் நாங்கள்தான்."

அபினவ் சொன்னதைச் சொன்னபடி பிரெஞ்சில் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து தட்டச்சுச் சத்தம் நெடுநேரம் கேட்டது. யன்னலுக்கு வெளியே கிருபானந்தன் இரண்டு கையையும் ஆட்டினார். நுளம்பு கலைக்கிறாராக்கும் என்று குணேஸ்வரி நினைத்தார்.

கோப்பு மேலதிக விசாரணைக்குப் போயிற்று. கிருபானந்தன் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, அது கத்தரிக்காய் என்று விளக்கினார்.

"முசியே, கத்தரிக்காய் பற்றி நாங்கள் கேட்கவேயில்லை" என்றார் அதிகாரி. "பதியப்பட்டது பதியப்பட்டதுதான். திருத்துவதற்கு இரண்டாவது நேர்காணல் உண்டு. இந்த முறை உங்கள் ஊர்த் தமிழ் தெரிந்தவரையே போடுகிறோம்."

அழைப்பு வருவதற்குள் இரண்டாவது வரிசையும் போய்விட்டது. கிருபானந்தன் மனைவிக்குப் பாடம் எடுத்தார்.

"இஞ்சேரும், தோட்டா எண்டால் துவக்குக்குள்ளை போடுறது. கேட்டால், அலுமாரியிலை பூட்டி வைப்பம் எண்டு சொல்லும். விளங்கிச்சோ?"

"தோட்டா எண்டால் அலுமாரி. விளங்கீட்டுது. போய்க் கன்றைப் பாருங்கோ."

இந்த முறை மொழிபெயர்த்தவர் பருத்தித்துறைச் சிசிலி.

"அக்கா, ரவை எங்கை வைப்பியள்?"

தோட்டா என்ற சொல்லுக்காகக் காத்திருந்த குணேஸ்வரிக்கு இது லேசான கேள்வியாகப் பட்டது. "ரவையோ? குசினியிலைதான்."

"திறந்தபடியோ?"

"ஐயோ, இல்லை! போத்தலிலை போட்டு இறுக்கி மூடி வைக்கிறனான். இல்லாட்டிப் பூச்சி பிடிச்சிடுமெல்லே."

"என்ன தேவைக்கு எடுப்பியள்?"

"சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளியள் வந்தால் அதுதானே கைகுடுக்கிறது. ஐஞ்சு நிமிசத்திலை அலுவல் முடிஞ்சிடும்."

யன்னலுக்கு வெளியே கிருபானந்தன் மண்ணில் குந்திவிட்டார். சிசிலியின் குரலில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது மாதிரி இருந்தது. ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதே தொழில் தர்மம் என்பதால், உப்புமா எந்த மொழியிலும் பதிவாகவில்லை.

இதற்கிடையில் மூன்றாவது வரிசையும் போய், ஆவணி ஒன்றுகூடலும் வந்தது. கிருபானந்தன் விடியவே டவுன்டவுன் பக்கம் போய்ப் பெட்டி பெட்டியாகக் கத்தரிக்காய் வாங்கி, காருக்குள் இருந்து ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த கடைச்சீட்டை நகத்தால் உரித்தார். அந்த நேரம் அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. "வீட்டுத் தோட்டத்து ருசியே வேறை" என்று சாப்பிட்ட எல்லோரும் சொன்னார்கள்.

இலையுதிர்காலத்தில் முடிவு வந்தது. முன்னர் திறந்தவெளியில் கிடந்த தோட்டாக்கள் தற்போது வீட்டினுள்ளே, மூடிய கொள்கலனில், பூச்சிகள் அணுகாவண்ணம் பேணப்படுவதால் நிலைமையில் கணிசமான முன்னேற்றம் அவதானிக்கப்பட்டுள்ளது. அனுமதி வழங்கப்படுகிறது.

கிருபானந்தன் அன்றைக்கே கடைக்கு ஓடினார். இருபத்திரண்டு, கையால் இழுப்பது, மரப்பிடி. தோளில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த மனிதர் அவருக்கு மிகவும் பிடித்துப்போனார்.

"எதற்கு?" என்று கடைக்காரர் கேட்டார்.

"மர்மோத்துக்கு."

"எங்கே?"

"லவாலில், வீட்டு வளவில்."

கடைக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "முசியே, ஊருக்குள்ளே சுட முடியாதே."

அதற்காக வாங்காமல் வர முடியுமா? வாங்கினார். வீட்டுக்கு வரும் வழியிலேயே கீர்த்திகனைப் பிடித்தார்.

"டேய், சுடக்கூடாதாமே! ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"அண்ணை, எந்தத் துவக்கு நல்லம் எண்டுதானே கேட்டனீங்கள். சுடலாமோ எண்டு கேக்கேல்லையே."

"அப்ப நீ உன்ரையை வைச்சு என்ன செய்யிறனீ?"

"துடைக்கிறனான்."

"தலைவர்?"

"அவரும் துடைக்கிறவர். குறி பார்த்துச் சுடுற கிளப் ஒண்டு வடக்கை இருக்கு. எல்லாரும் அதிலை அங்கத்தவர்தான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையளின்ர டான்ஸ் வகுப்பெல்லே, ஆர் போறது?"

அடுத்த வைகாசியில் கிருபானந்தன் புதுக்கன்று நட்டார். மர்மோத் குடும்பமாக வந்து பார்வையிட்டது. அவர் யன்னலோரம் இருந்து மரப்பிடிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அழைத்தவர் பிருந்தன். மொன்றியல் நகருக்குள் கோட்-டெ-நெய்ஜில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர்; அவர் வீட்டில் கறிவேப்பிலைச் சட்டியைத் தவிர மண் கிடையாது.

"அண்ணை, எனக்கும் ஒரு துவக்கு எடுக்க யோசினை. எது நல்லம்?"

ஊருக்குள் சுட முடியாது என்று சொல்லத்தான் கிருபானந்தன் வாயைத் திறந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"இருபத்திரண்டுதான் தம்பி. வேறை யோசிக்காதையும்."