கல்லு ஐயா பிரேக் இறுக்கிய ஞாயிறு

அன்றைக்கு எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் நின்றவர்கள்: கல்லு ஐயா. அவருடைய மனைவி, நாங்கள் மாமி என்போம். என் மனைவி ராணி, நிறைமாதம், இடுப்பைப் பிடித்தபடி. நான். ஐயாவின் பழைய கார், பின்சில்லு இரண்டும் ஜக்கில் அந்தரத்தில். முன்சில்லுக்கு முன்னால் ஒரு கருங்கல்.

உலகத்தில் கல்லு ஐயா முழுசாக நம்பியது அந்தக் கல்லைத்தான். கடவுளை வெள்ளிக்கிழமைகளில் நம்பினார்.

கந்தோரில் ஃபைல் எழுதும் கிளாக்கர் அவர். கடையில் மூட்டை தூக்கும் எனக்குப் பின்னறையை வாடகைக்குத் தந்தவர். எங்கள் ஒழுங்கை பெரிய தெருவான காலி வீதியில் தொடங்கி ரயில் பாதை வரைக்கும் சரிவு. சில்லுள்ள எதுவும் ஒருநாள் உருண்டு, அந்தப் பாதையில் வரும் கோச்சிக்கு முன்னால் போய் நிற்கும் என்பது அவர் நினைப்பு. அதனால் எது வந்து நின்றாலும் கல் வைப்பார். டொக்டரின் காருக்கு வைத்தார். பாண்காரனின் வண்டிலுக்கு வைத்தார். பொலிஸ் ஜீப்புக்கும் வைத்தார். பிரேத வண்டிக்கு வைத்த அன்று வண்டி உறுமியது, நகரவில்லை. அழுதவர்கள் அழுகையை நிறுத்திப் பார்த்தார்கள். "மாத்தயா, கல அயின் கரண்ட!" என்று, கல்லை எடுக்கச் சொல்லி, சாரதி கத்தினான். ஐயா கல்லை எடுத்துவிட்டு, கடைசியாக எப்போது பிரேக் பார்த்தாய் என்று அவனைச் சிங்களத்தில் விசாரித்தார்.

ஞாயிறு வந்தால் தன் காரின் பின்பிரேக் இறுக்குவார். அந்த ஞாயிறு ராணிக்கு நோவெடுத்தது. அப்போது ஒழுங்கையில் நின்றது அந்த ஒரு கார்தான்.

"ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"பத்து நிமிசம், தம்பி."

"ஐயா!"

"பிரேக் இல்லாத காரில பிள்ளைத்தாச்சியை ஏத்தமாட்டன். நீர் சத்தம் போடாதையும், எனக்குக் கேக்கவேணும்."

சில்லு அசையாத மட்டும் இறுக்கினார். பிறகு ஒரு பல் தளர்த்தினார். கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார். பிறகு மற்றச் சில்லு. பிறகு ஹேண்ட்பிரேக் கேபிள். லீவரை இழுத்தால் நாலாவது கிளிக்கில் பிடிக்கவேணும் என்பார். ஐந்தில் பிடித்தது. மறுபடி கீழே போனார். ராணி மதிலைப் பிடித்தாள்.

ஒருவழியாக ஜக்கை இறக்கினார். ராணி பின்சீட்டில் ஏறினாள். ரயில் பாதையடிக்குப் போய்த்தான் கார் திரும்பலாம். ஐயா ஸ்டார்ட் பண்ணினார். கார் உறுமியது. நகரவில்லை.

"இறுக்கிப்போட்டியள்!" என்றேன்.

ஐயாவின் முகம் வெளிறிவிட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே போனார். கேபிளை முழுக்கத் தளர்த்தினார். எழுந்து கை துடைத்தார்.

அப்போதுதான் மாமி சொன்னா: "இஞ்சருங்கோ, முன்சில்லில கல்லு கிடக்கு."

நான் யோசிக்கவில்லை. கல்லை இழுத்தேன்.

ஹேண்ட்பிரேக் பிடிக்காத கார் சரிவில் தானாகப் புறப்பட்டது. உள்ளே ராணி மட்டும். தூரத்தில் கோச்சி ஊதியது. ஐயா கதவுப் பிடியில் தொங்கிக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு கழன்றது. "கல்லு! தம்பி, கல்லு!"

கல் என் கையில்தான் இருந்தது. மூட்டை தூக்கிய தோள். காரை முந்தி ஓடி முன்சில்லுக்குக் கீழே போட்டேன். கார் அதில் ஏறப் பார்த்தது. நடுங்கியது. நின்றது. கோச்சி கடந்து போனது.

ராணி கார் யன்னலால் தலையை நீட்டினாள். "இப்பவெண்டாலும் போவமே?"

ஐயா ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடி காருக்குக் கீழே போனார். இந்த முறை கிளிக்கை நானும் எண்ணினேன். நாலாவது கிளிக்கில் பிடித்தது. போனோம். கல் என் மடியில்.

மகள் பிறந்தாள். பழைய சாமான் கடையில் தொட்டில் ஒன்று வாங்கினேன், சில்லு வைத்தது. ஐயா பிள்ளை பார்க்க வந்தார். பிள்ளையைப் பார்க்க முதல் குனிந்து தொட்டிலுக்குக் கீழே பார்த்தார். அவருடைய சட்டைப்பை கனத்துத் தொங்கியது.

"நிலம் சமம்தான், ஐயா."

"ஓம், ஓம்," என்றார். பையிலிருந்து கல்லை எடுத்து ஒவ்வொரு சில்லுக்கும் வைத்துக்கொண்டே இருந்தார்.

ஐயா போய்ச் சேர்ந்து கனகாலம். அந்தத் தொட்டிலில் இப்போது மகளின் பிள்ளை கிடக்கிறான். கூட்டும்போது கல்லை எடுப்பேன். கூட்டி முடித்ததும் திரும்ப வைப்பேன்.

கல் நாலு.