எங்கட டீவிய நிப்பாட்டுறது ஆரு?

கல்முனைக்குடி

அன்பும் மதிப்பும் நிறைந்த மருமகன் றிபாஸ் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உங்கள் மாமி ஆயிஷா உம்மாவும் சுகம். தோஹாவில் நீங்களும் என் மகள் நஜ்லாவும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறேன். சுகமில்லாதது இந்த வீட்டு ஹோல் மட்டும்தான். இதைக் கடிதமாக எழுதி தோஹாவுக்கு வரும் ஸஹீத் தம்பியின் கையில் கொடுத்தனுப்புவதற்குக் காரணம், ஃபோனில் கதைத்தால் டீவிக்குக் கீழே நீங்கள் பொருத்திவிட்டுப் போன பெட்டிக்கும் கேட்டுவிடும் என்ற பயம்.

லீவில வந்த நேரம் பெரிய டீவி, ஸ்பீக்கர், ஃபேன், திரைச்சீலை இழுக்கிற மோட்டர் எல்லாத்தையும் அந்தப் பெட்டியால ஒரே ரிமோட்டில சேர்த்து, "மாமா, இதுக்குப் பேரு மெக்ரோ, ஒரு பட்டனை அமத்தினா அஞ்சாறு வேலை வரிசையா நடக்கும், தோஹாவில இருந்தும் ஃபோனால மாத்தலாம்" எண்டு சொல்லித் தந்தீங்க. சரி, நான் அமத்தாமலே நடக்குதே, அதுக்கு என்ன பேரு? அஸர் தொழுதிட்டு வந்து பாராளுமன்ற விவாதம் பார்க்க இருந்தா, மந்திரி வாய் திறக்கிற நேரமாப் பார்த்து டீவி நிக்கும், ஃபேன் நிக்கும், திரை தானா விலகி வெயில் நேரே கண்ணில அடிக்கும். வரிப்பத்தான்சேனை மசூர் ஹாஜியார் நெல்லு விலையப் பத்தி மந்திரி சொல்றதைக் கேக்க எண்டே வந்திருந்தவர், "உங்கட மருமகன் நம்மள எழும்பிப் போகச் சொல்றார் போல" எண்டு தேத்தண்ணிய பாதியில வச்சிட்டுப் போனவர்தான், இன்னும் இந்தப் பக்கம் இல்ல. அது நீங்க அங்க பகல் சாப்பிட்டுக் கை கழுவுற நேரம் எண்டும் நான் விசாரிச்சு வச்சிருக்கன்.

ரிமோட்டை அரிசி மூட்டைக்குள்ள ஒளிச்சன், டீவி நிண்டது. பெட்டியில மினுங்கிற கண்ணுக்கு பிளாஸ்டர் ஒட்டினன், அப்பவும் நிண்டது. கடைசியாத் திரைய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சன். மோட்டர் அங்கால இழுக்க நான் இஞ்சால இழுக்க, கம்பியோட எல்லாம் என்ட தலையில வந்து விழுந்திச்சு. மாமி குசினியில இருந்து எட்டிப் பார்த்திட்டு, சிரிப்பை அடக்கிட்டு உள்ளுக்குப் போயிட்டா. அவவையும் நீங்க உங்கட பக்கம் எடுத்திட்டீங்களோ எண்டு எனக்கு ஒரு யோசனை.

சர்வீஸ் முழுக்க நீர்ப்பாசனக் கந்தோரில குளத்து வான்கதவு திறந்து மூடின மனிசன் நான். இப்ப என்ட வீட்டில டீவி பார்க்க மருமகன்ட உத்தரவு வேணுமா? அடுத்த லீவில வந்து எல்லாத்தையும் கழட்டி எடுங்க. அதுவரைக்கும் ஹோலுக்குள்ள கால் வைக்க மாட்டன்.

உங்கள் தொழிலில் பரக்கத்தும் மகளுக்கு ஆரோக்கியமும் அல்லாஹ் தருவானாக. உங்கள் மேல் கோபம் இல்லை, சந்தேகம்தான்.

இப்படிக்கு,
மாமா ஹமீட்

பி.கு.: ஸஹீத்ட பயணம் பிந்தினதால இதை மேசையில வச்சிருந்தன். மாமி எடுத்து வாசிச்சிட்டா. "பாவம் அந்தப் புள்ள, அது நான் வச்ச மெக்ரோ" எண்டா. நஜ்லா ஃபோனில சொல்லிக்கொடுக்க, கிழமையில ஆறு நாளும் அந்த நேரத்துக்குத் தானா நடக்கிற மாதிரி இவவே செஞ்சிருக்கா. பென்சன் எடுத்ததில இருந்து நான் அந்தக் கதிரைய விட்டு எழும்பல்லயாம், சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னதும் காதில ஏறல்லயாம். "மகளும் போயிட்டா, எனக்கும் கதைக்க ஒரு ஆள் வேணாமா?" எண்டு கேட்டா. நேத்தும் இண்டைக்கும் ரெண்டு பேரும் கடற்கரைக்கு நடந்து போய் வந்தம். ஒண்டையும் கழட்ட வேணாம். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் மாமி அதை வைக்கல்ல. மாமிக்குத் தெரியாம அந்த நாளையும் சேர்த்து விடுங்க.