எடித்தின் அலறலும் என் அகால மரணமும்

எல்ஸ்ட்ரீ, அக்டோபர் 1930

மரியாதைக்குரிய மச்சான் வில்பிரட் அவர்களுக்கு, தங்கை கணவன் ஹெர்பர்ட் எழுதுவது. இங்கு நானும் எடித்தும் சுகம். அங்கு தங்கள் மூட்டுவலியும் விட்பி ஊர்க் கடற்காற்றும் சண்டையில்லாமல் இருக்கும் என நம்புகிறேன்.

நான் கொலையுண்ட சேதி தங்கள் ஊர்த் திரைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலிக்கு அப்பாலுள்ள ஸ்டூடியோவில் கோடையில் ஒரு துப்பறியும் நாவலைப் பேசும் படமாக எடுத்தார்கள். பிரபு ரூபர்ட்டை யாரோ குத்திப் போட, கதாநாயகி பிணத்தைப் பார்த்து அலற வேண்டும். அந்தப் பெண்ணுக்கு முகம் லட்சணம். அலறல்தான் கெட்டில் கொதிக்கிற மாதிரி வந்ததாம். அந்தச் சமயம் பார்த்து, அவர்கள் இயந்திரப் புகை எடித் காயப்போட்ட வெள்ளை விரிப்பில் படிய, அவள் வேலியோரம் நின்று நாலு வார்த்தை கேட்டாள். அது சுவரைத் தாண்டி மைக்கில் ஏறிவிட்டது. டைரக்டர் பென்னிக் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, அந்தச் சத்தத்தை எங்களுக்காக இன்னொரு தடவை போடுவீங்களா?"

"எந்தச் சத்தம்? நான் மெதுவாத்தானே பேசினேன்," என்றாள் உங்கள் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் போனோம். பூச்சாடிக்குள் மைக்கை ஒளித்து வைத்திருந்தார்கள். பென்னிக் கையசைத்தார். எடித் வாயைத் திறந்தாள், மச்சான், வெறும் காற்றுதான் வந்தது. கல்யாணமான நாள்முதல் அடைக்காத தொண்டை. "எனக்கு வரலை ஹெர்பர்ட், எல்லாரும் பாக்கிறாங்க," என்று முணுமுணுத்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் என்னவோ போலாகி, பதற்றத்தில் புகைக்கும் பைப்பைத் தட்டிவிட்டேன். வெண்கம்பளத்தில் சாம்பல் விழுந்ததை வேறு யாரும் பார்க்கவில்லை, அவள் பார்த்தாள்.

"ஹெ...ர்ர்பர்ட்."

பிணமாகக் கிடந்த நடிகர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இதுதாம்மா வேணும்," என்றார் பென்னிக், குரல் தழுதழுக்க.

"செத்தது ரூபர்ட் ஆச்சே?" என்றேன்.

"இனிமே ஹெர்பர்ட்."

எத்தனை கெஞ்சியும் வேறு பெயருக்கு அவள் தொண்டை திறக்கவில்லை. நாவல் எழுதியவர், "என் புத்தகத்துல..." என்று ஆரம்பித்தார். எடித் திரும்பிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது படம் ஊருக்கு வந்து, மதுக்கடையில் "வாங்க பிணமே, என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். நான் அதைப் பார்ப்பதாக இல்லை. இயந்திரம் போடும் ஓசைக்கெல்லாம் அசைகிற ஆள் நானில்லை. தாங்களும் போகவேண்டாம்.

ஆண்டவன் தங்கள் முழங்கால்களை இளக்கி வைக்கட்டும்.

இன்னும் உயிரோடிருக்கும்,
ஹெர்பர்ட் டிட்ஸ்வெல்

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் எடித் என்னை மதியக் காட்சிக்கு இழுத்துப் போய்விட்டாள். போகவேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டு, தாங்கள் அவசியம் பார்க்கவும். திரையில் அந்தப் பெண் வாயைத் திறந்ததும், நிறைந்த கொட்டகையில் நான் எழுந்து நின்று, "இதோ வந்துட்டேன் எடித்," என்றேன். அவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். கோட்டைப் பிடித்து உட்காரவைத்தவள், படம் முடியும்வரை கையை விடவில்லை.