கன்பர்ம் அண்ணனும் மூன்று பரிசுகளும்

மலாக்கா மாநிலம் முழுவதையும் சலித்துப் பார்த்தாலும் எங்கள் கன்பர்ம் அண்ணன் அளவுக்குப் பயந்த மனிதர் கிடைக்க மாட்டார். சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அலோர் காஜாவில் என் போட்டோஸ்டேட் கடைக்குப் பக்கத்துக் கடை அவருடையது. ஏர்கோன் என்கிற குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர். மூன்றாவது மாடி விளிம்பில் நின்று கம்ப்ரஸரைக் கழற்றுவார், அதில் பயமே கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மீ கோரெங்கா நாசி லெமாக்கா என்று கேட்டால்தான் பயந்து போவார். "காரம் கம்மிதானே? கன்பர்மா?" என்று கடைக்காரரைத் திரும்பத் திரும்பக் கேட்டு உயிரை வாங்குவார். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

ஐம்பது வயது வரை கல்யாணம் ஆகாததற்கும் அதுதான் காரணம். யாரும் அவருக்குக் கன்பர்ம் பண்ணிக் கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவர் டுரியான் துங்காலில் ஒரு கிளினிக்குக்கு ஏர்கோன் சர்வீஸ் செய்யப் போனார். கவுண்டரில் உட்கார்ந்திருந்த கலாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கிளினிக்கில் இருப்பதைப் போல் சுத்தமான ஏர்கோன் இந்த நாட்டிலேயே கிடையாது.

கலா கணவரை இழந்தவர். மூன்று பிள்ளைகள். மூத்த பெண்ணுக்குப் பதினாறு, பையனுக்குப் பத்து, கடைக்குட்டிப் பெண்ணுக்கு நாலு. கல்யாணப் பேச்சு வந்தபோது அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க. புள்ளைங்களுக்குப் புடிச்சா மேல பேசுவோம். புடிக்கலன்னா இதோட விட்ருவோம்."

அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆளுக்கொரு அங்பாவ் குடுத்துட்டு வாங்கண்ணே. உறையில காச வச்சா வேல முடிஞ்சிச்சு" என்றேன்.

"அங்பாவ் விருந்தாளி குடுக்கறது தம்பி. தீபாவளி ஓப்பன் ஹவுசுக்கு வந்தமா, தின்னமா, உறையக் குடுத்தமா, போனமான்னு. நான் அந்த வூட்லயே இருக்கப் போறவன்லா!"

பொம்மைக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெட்டியில் அச்சடித்த வயதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

"மூணு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு. பாப்பாவுக்கு நாலு. நடுவுல ஒரு வருசந்தான் இருக்கு தம்பி, பத்துமா?"

டாக்டர் விளையாட்டு செட்டில் இருந்த பிளாஸ்டிக் ஊசியைக் கடித்துப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பைத் தன் கழுத்தில் சுற்றி இறுக்கிப் பார்த்தார். கடைப்பெண் ஓடி வந்து, "அங்கிள், ஓக்கே கே?" என்றாள். பையனுக்கு ரோபோ செட். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என்று போட்டிருந்தது. "பத்து, நடு சென்டர்! இது கன்பர்ம்" என்று அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

பதினாறு என்று எந்தப் பெட்டியிலும் போடவில்லை. கைப்பையை எடுத்தார், வைத்தார். வாசனைத் திரவியத்தை எடுத்தவர், "சேச்சே, நான் குடுத்தா தப்பாத் தெரியும்" என்று கை சுட்டது போல் வைத்துவிட்டார்.

"சின்னதுங்க பொம்மையப் பாத்தா வந்துரும் தம்பி. பெரியவதான். யாரோ ஒரு ஆம்பள திடீர்னு வூட்டுக்குள்ள வரான். அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்கும்? அவ மொகத்தத் திருப்பிக்கிட்டா எல்லாம் போச்சு."



ஞாயிற்றுக்கிழமை நான்தான் காரை ஓட்டினேன். அவரை விட்டால் பாதியில் திருப்பிவிடுவார். மடியில் மூன்று பைகள் இருந்தன. மூன்றாவதில் என்ன என்று கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. காரில் ஏர்கோன் முழுவேகத்தில் ஓடியும் அவர் காலர் நனைந்துவிட்டது.

அங்கே கணக்கெல்லாம் தலைகீழானது. கடைக்குட்டி ரோபோவைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டாள். பையன் ஸ்டெதஸ்கோப்பை மாட்டி, நின்றுகொண்டே இருந்த அண்ணனின் நெஞ்சில் வைத்து, "ம்மா! அங்கிளுக்கு ரொம்ப வேகமா அடிக்குது!" என்று கத்தினான்.

மூத்தவள் கையைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். அண்ணன் மூன்றாவது பையை நீட்டினார். அவள் பிரித்தாள். உள்ளே ஒரு கதவுப் பூட்டும் அதன் சாவிகளும் இருந்தன.

கலா திகைத்துப் போனார். இந்த மனுஷன் குடியைக் கெடுத்துக்கொண்டார் என்று நான் தலையில் கை வைத்தேன்.

"ஒன்னோட ரூம் கதவுக்கும்மா" என்றார் அண்ணன். "உள்ளேருந்து பூட்டிக்கலாம். சாவி எல்லாம் ஒன்கிட்டயே இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் வேணாம். நான் இங்க வந்தாலும் வராட்டியும் மாட்டிக்க. வேற ஆள வச்சு மாட்டுனாலும் சரி."

அவள் பூட்டோடு அறைக்குள் போய்விட்டாள். அண்ணன் என் கையைப் பிடித்தார். "கோவிச்சுக்கிச்சா தம்பி?"

உள்ளே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. அவள் ஒரு மர நாற்காலியோடு வெளியே வந்தாள்.

"அக்கா, அது ராத்திரி நீ கதவுக்கு முட்டு வைக்கிற நாக்காலி!" என்றான் பையன்.

அவள் அதை அண்ணனுக்கு முன்னால் போட்டு, "ஒக்காருங்க அங்கிள்" என்றாள்.

அண்ணன் யாரையும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்தார். அவரைக் கிண்டல் செய்யாமல் எனக்கு ஒரு நாளும் போகாது. அன்றைக்கு மட்டும் கீழே கிடந்த காலிப் பைகளைப் பொறுக்கி மடித்துக்கொண்டிருந்தேன்.