ஓடைக்கு மேலே ஒரு கேமரா

"கேமராவா? ராக்கெட்டுல எதுக்குத் தாயி கேமரா?" என்று கேட்டபடியே சுந்தரலிங்கம் ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மேல இருந்து பூமியப் படம் எடுக்கத்தான் மாமா. மேகத்தத் தாண்டிப் போகும். கம்பம் பள்ளத்தாக்கே முழுசாத் தெரியும்" என்றாள் சினேகா.

அவருடைய அக்காள் மகள். மதுரையில் பொறியியல் படிக்கிறாள். கல்லூரிக் கூட்டாளிகளோடு ராக்கெட் செய்து, அனுமதியெல்லாம் வாங்கி, அறுவடை முடிந்த மாமாவின் வயலுக்கே கொண்டுவந்துவிட்டாள். இடம் கொடுத்ததை ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்தவர் சுந்தரலிங்கம். கேமரா விஷயம் இன்று காலையில்தான் தெரிந்தது.

"வரப்பு, வேலியெல்லாம் தெரியுமோ?"

"ஆரம்பத்துல வாழைமரத்தக்கூட எண்ணிரலாம் மாமா."

அங்கேதான் வினையே. வயலை ஒட்டிய அரசாங்க ஓடைக்குள் வேலியைத் தள்ளிப் போட்டு அவர் வாழை வைத்திருந்தார். இப்போது தார் தள்ளி நிற்கிறது. தரையிலிருந்து பார்த்தால் கருவேலம்புதர் மறைத்துவிடும். வானத்திலிருந்து பார்த்தால் எது மறைக்கும்? இதில் கொடுமை என்னவென்றால், ஓடை ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி மனுமேல் மனு போடும் விவசாயிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சிறப்பு விருந்தினராகக் கிராம நிர்வாக அலுவலர் ஞானசிகாமணியைக் கூப்பிட்டவரும் அவரேதான்.

"பூமியத்தான் தெனமும் பாக்கோமே. கேமராவ வானத்தப் பாத்து வையி."

சினேகா யோசித்தாள். "நல்ல ஐடியா மாமா. கூட வந்திருக்கிற ஜெபாகிட்ட இன்னொரு கேமரா இருக்கு. மேல பாத்து ஒண்ணு, கீழ பாத்து ஒண்ணு வச்சிருவோம்."

ஒன்று இரண்டாகிவிட்டது. சுந்தரலிங்கம் ஓடைக்கு ஓடினார். நாற்றங்காலுக்கு வாங்கிய பச்சை நிழல்வலையை மனைவி பவுனுவோடு சேர்ந்து இழுத்து, ஏணி போட்டு, வாழை மொத்தத்தையும் மூடிக் கட்டினார். பவுனு தள்ளி நின்று பார்த்தாள்.

"ஏங்க, இதுவரைக்கும் வாழை மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. இப்ப எம்புட்டு ஓடையப் புடிச்சிருக்கோம்னு அளந்து காட்டுற மாதிரில்ல இருக்கு."

பிரிக்கப் போனால் வலை முள்ளில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

அடுத்து, சந்தனக் கிண்ணத்தோடு ராக்கெட்டிடம் வந்தார். "புது வண்டி எடுத்தாலே பூசை போடுவோம். இதுக்குப் போடாம அனுப்பலாமா?" என்று சொல்லி, கீழே பார்த்த கேமராவின் கண்ணாடி மேலேயே சந்தனத்தைக் கட்டியாக அப்பிக் குங்குமமும் வைத்தார்.

சினேகா கோபப்படவில்லை. பொட்டை ராக்கெட்டின் மூக்குக்கு மாற்றிவிட்டு, கண்ணாடியை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள்.

"இப்பத்தான் மாமா பளிச்சுன்னு இருக்கு. முன்னாடி ஒரே தூசி."

ஞானசிகாமணி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு இளநீர் வெட்டப் போன சுந்தரலிங்கம் திரும்பி வந்ததும் ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்பியது. ஊரே அண்ணாந்து பார்த்துக் கைதட்டியது. சுந்தரலிங்கம் மட்டும் வேலிப் பக்கம் பார்த்தார்.

"எறங்குனதும் படத்தப் போடுவாகளா சார்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

ஞானசிகாமணி இளநீரை உறிஞ்சினார். "அதெல்லாம் பாத்துக்கிரலாம்."

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. சுந்தரலிங்கம் அவரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"சார், சங்கத்துக்காரன் முன்னாடி மானம் போறதுக்குப் பதிலா நானே சொல்லிர்றேன். ஓடைக்குள்ள நிக்கிற வாழை என்னோடதுதான். புத்தி கெட்டுப்போய் வச்சுட்டேன்."

ஞானசிகாமணி ஓடையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தலைவரே இப்பிடிப் பண்ணலாமா? நாளைக்கே வெட்டி எடுத்துருங்க. நீங்களா சொன்னதால வெளிய விடல. கேமரா பொய் சொல்லாது, பாத்துக்கங்க."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வாழை போனாலும் மானம் தப்பியதே என்று சுந்தரலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

பாராசூட்டில் இறங்கிய ராக்கெட்டை அணைத்துத் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்தாள் சினேகாவின் தோழி ஜெபா.

"படத்துல ஓடை ரொம்பத் தெளிவாவா விழுந்திருக்கு?" என்று சுந்தரலிங்கம் மெதுவாகக் கேட்டார்.

"படமா? ரெண்டு கேமராவையும் கழட்டிட்டுத்தான அங்கிள் விட்டோம். நீங்க இளநீ வெட்டப் போனப்ப அந்த வி.ஏ.ஓ. சார் வந்து, 'எதிர்க்கரையில ஓடைக்குள்ள நிக்கிற தென்னையெல்லாம் எங்க மாமனாரோடது, படம் மட்டும் வேணாம்மா'ன்னு கும்பிட்டுக் கேட்டாக."