கிழங்கானுக்கு வாங்கிய கயிறு

பெண் பார்க்கப் போன வீட்டில் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். வயது, வேலை, சம்பளம் எல்லாம் சுத்தமான உண்மை.

பெண் வீடு மலாக்கா காஜா பேராங்கில். பெண்ணின் அப்பா அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. ஞாயிறு தவறாமல் தூண்டில் போடுகிறவர். "மீன் பிடிக்கிற பழக்கம் உண்டா தம்பி?" என்று கேட்டார். கடலோரச் செமாபோக்கில் வளர்ந்தும் மீனைக் குழம்புச் சட்டியில் மட்டுமே சந்தித்திருந்த நான், "அது இல்லாட்டி எனக்குத் தூக்கமே வராதுங்க ஐயா" என்றேன். (கதவுக்குப் பின்னால் மணப்பெண் கமலத்தின் வளையல் சத்தம் கேட்டது. அந்த வேகத்தில் வந்த வார்த்தை.)

"அப்ப வர்ற ஞாயிறு வாங்க. உங்க தூண்டிலையும் கொண்டு வந்துடுங்க."

சனிக்கிழமை சீனர் கடையில் போய் நின்றேன். என்ன மீன் பிடிக்க என்று கடை முதலாளி தவுக்கே மலாயில் கேட்டார். ஒரு மீன் பெயரும் வாயில் வரவில்லை. "பெசார்!" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். பெரிய மீன் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் உயரத்தைவிட இரண்டு முழம் அதிகமான தடிக்கம்பு, துணி காயப்போடும் அளவுக்குத் தடித்த தூண்டில் நரம்பு, கோழி முட்டை பருமனில் ஈயக்குண்டு என்று எடுத்துக் கொடுத்தார். பெருமையாகத் தூக்கி வந்தேன்.

கடலோரக் கற்களின் மேல் காத்திருந்த ஐயாவின் கையில் பென்சில் போல ஒரு மெல்லிய பிரம்பு. நரம்பு இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். என் ஆயுதத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நாம பிடிக்க வந்தது கிழங்கான். விரல் நீள மீன். வாயும் சின்னது. இந்தக் கயித்தைப் பார்த்தா கிட்டயே வராதே?"

"எனக்கு இதுதாங்க பழக்கம்" என்று சொல்லிக் கம்பைப் பின்னால் ஓங்கி, பலங்கொண்ட மட்டும் வீசினேன்.

கம்பு வந்தது. குண்டு வரவில்லை. பின்னாலிருந்து "ஐயோ!" என்று மட்டும் வந்தது. தூண்டில் முள் ஐயாவின் இடது காது மடலில் ஏறியிருந்தது.

அறுக்கக் கத்தி இல்லை. இரைக்கான இறாலை ஐயா வீட்டிலேயே நறுக்கி எடுத்து வந்திருந்தார். நரம்பைப் பல்லால் கடித்தேன். என் பல்தான் ஆடியது.

"என் நரம்பா இருந்தா ஒரு கடியில அறுந்திருக்கும்" என்றார், கண்ணில் தண்ணீரோடு.

வேறு வழியில்லை. நான் சைக்கிளை மிதிக்க, அவர் பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் கம்பை நிமிர்த்திப் பிடித்து, மறு கையால் காதைப் பிடித்துக்கொண்டார். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிற சமயம். கொடிக்கம்பம் கொண்டுபோகிறோம் என்று நினைத்து வழியெல்லாம் "மெர்டேக்கா!" என்று கத்தினார்கள். ஐயாவும் பதிலுக்குக் கத்தினார், பாவம். ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது, அவர் காதைப் பிடித்திருந்த பக்தியைப் பார்த்து ஒரு அம்மாள் தானும் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டார்.

கல்யாணம் போச்சு என்று ஒவ்வொரு மிதிக்கும் சொல்லிக்கொண்டேன்.

வாசலில் எங்களைப் பார்த்த கமலம் உள்ளே போய்க் குறடு எடுத்து வந்தாள். முள்ளின் கொண்டியை நறுக்கி, நொடியில் உருவி எடுத்தாள். பிறகு அந்த நரம்பை விரலில் சுற்றிப் பார்த்தாள்.

"இதை வச்சுக் கப்பலைக் கட்டலாம். கிழங்கானுக்கா வாங்கினீங்க?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஐயா, எனக்கு மீன் பிடிக்கவே தெரியாது. பொய் சொல்லிட்டேன்."

ஐயா காதில் பஞ்சை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "அது என் காதுக்கு முதல்லயே தெரிஞ்சிருச்சு தம்பி. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

அன்று எனக்கு வந்த நிம்மதிப் பெருமூச்சில் வாசல் கோலமே கலைந்திருக்கும். மூன்றாம் மாதம் கல்யாணம்.

அதன் பிறகு மாமாவுக்கு நரம்பு வாங்கும் வேலை கமலத்துடையது. எனக்கு இறால் டப்பா தூக்கும் வேலை மட்டும். ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் பிள்ளைகள் விடுவதில்லை:

"எங்கப்பா ஒரே ஒரு தடவைதான் தூண்டில் போட்டாரு. அன்னிக்கு மாட்டினவரைத்தான் நாங்க தாத்தான்னு கூப்பிடுறோம்."